"பூஜ்யம்" என்ற பதிலுக்குக் கைதட்டியவர்களுக்கு

சென்ற வாரக் கூட்டத்தின் காணொளியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. போதை ஊசியாலும் போதை மாத்திரையாலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் நம் கடலூர்ப் பகுதியில் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள், அந்த எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று எழுத்துமூலம் கேட்டிருந்தேன். பொறுப்பில் இருக்கும் ஒருவர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, "நம்ம ஏரியாவில் அப்படி ஒரு சாவுகூட இல்லை, பூஜ்யம்" என்றார். உடனே கைதட்டல் எழுந்தது. அந்தப் பதில் எனக்கு வியப்பளிக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கைதட்டியவர்களில் சிலர், போன ஆடி மாதம் துக்க வீட்டுப் பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஊசி போட்டுத்தான் போயிட்டானாம், வெளியே சொல்லாதீங்க" என்று காதோடு காதாகச் சொன்னவர்கள். அவர்கள் எப்படிக் கைதட்டினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான் பணி ஓய்வு பெறும்வரை ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதித்தரும் படிவம் 4 என் மேசை வழியாகத்தான் போகும். இறந்ததற்குக் காரணமான நோயையோ காயத்தையோ எழுத வேண்டும், இதயச் செயலிழப்பு போன்று உயிர் பிரிந்த விதத்தை எழுதக் கூடாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த வாசகத்துக்கு நேராகவே "இதய, சுவாச நிறுத்தம்" என்று எழுதப்பட்ட படிவங்களை நான் அடுக்கியடுக்கி வைத்திருக்கிறேன். இதயமும் மூச்சும் நிற்காமல் இந்த உலகில் எவர்தான் இறந்திருக்கிறார்? இருபது வயதுப் பையனுக்கு அவை ஏன் நின்றன என்பதல்லவா கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து "பூஜ்யம்" என்று சொல்வதற்கு ஒலிவாங்கி எதற்கு?

மருத்துவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரவுப் பணியில் ஒருவரே வார்டையும் அவசரப் பிரிவையும் பார்க்கும் நிலையை நான் நேரில் கண்டவன். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

உடற்கூறாய்வு நடந்தால் மட்டும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. சந்தேக மரணம் என்று காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவு. உள்ளுறுப்புகளை எடுத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை இறப்பின் காரணம் பற்றிய கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று மருத்துவர் எழுதுவார். முடிவு வர மாதங்கள் ஆகும், வந்தாலும் அது காவல் நிலையக் கோப்புக்குப் போகும். அது அங்கிருந்து கிளம்பி இறப்புப் பதிவேட்டுக்கு வந்து, காலியாக இருந்த கட்டத்தை நிரப்பியதை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் தனியாக இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடை வரை போய்வருகிறவர்களுக்கு எல்லை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஒருவர் நினைவிழந்து விழுந்தால், வசதியைப் பொறுத்தும் பதற்றத்தைப் பொறுத்தும் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுபோவார்கள், எல்லை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கும் கொண்டுபோவார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில்தான் அது பதிவாகும். ஆகவே நம் தெருப் பையன் அங்கே இறந்தால் அவன் புதுச்சேரிக் கணக்கு. புதுச்சேரிக்காரர்களோ, அவன் தமிழ்நாட்டுப் பையன் ஆயிற்றே என்பார்கள். போதைச் சரக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இங்கே சொல்கிறோம். இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அங்கே சொல்கிறார்கள். மொத்தத்தில் பையன் எந்தப் பக்கமும் இல்லை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு நண்பர் இணைப்பு அனுப்பியிருந்தார். பார்க்காமலா பேசுகிறேன்? 2022ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் போதைப்பொருள் அளவு மீறி இறந்தவர்கள் 681 பேர் என்கிறது அந்த ஆவணம். அதற்கு முந்தைய ஆண்டு 737. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பு, ஓபியாய்டு வகைப் போதையை, அதாவது அபின், ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இந்நாட்டில் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர் என்றும், ஊசிமூலம் ஏற்றிக்கொள்கிறவர்கள் சுமார் எட்டரை லட்சம் பேர் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, 681 என்பதுதான் முழு உண்மை என்று நம்புகிறவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அந்த 681கூட மாநில வாரியாகவும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 53 பெருநகரங்கள் வாரியாகவும்தான் பிரித்துத் தரப்படுகிறது. கடலூர் அந்தப் பட்டியலில் இல்லை. புதுச்சேரி என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்ந்த ஒரே எண். நம் வட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை இந்தப் புத்தகத்திலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

"ஐயா, நம்ம ஊரை ஏன் அமெரிக்கா ஆக்குறீங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அமெரிக்காவில் நடப்பது வேறு, அங்கே ஃபென்டனில் என்ற கொடிய செயற்கை மருந்து தெருவுக்கு வந்துவிட்டது, இங்கே அந்த அளவுக்கு இல்லை, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஃபென்டனில்தான் கொல்கிறது என்று அந்தத் தம்பிக்கும் எனக்கும் எப்படித் தெரிந்தது? அவர்கள் எண்ணியதால் தெரிந்தது. 1990களில் வலி மாத்திரைகளால் கூடிய சாவு, 2010 வாக்கில் ஹெராயினுக்கு மாறியது, 2013 முதல் ஃபென்டனிலுக்கு மாறியது என்று அவர்களால் வரிசையாகச் சொல்ல முடிகிறது. 2022இல் சுமார் 1 லட்சத்து 8 ஆயிரம் பேர் இறந்தார்கள், 2024இல் அது 80 ஆயிரம் அளவுக்கு இறங்கியது என்பதும் எண்ணியதால்தான் தெரிகிறது. அங்கே மாவட்டம் போன்ற கவுன்டி என்ற அமைப்பு உண்டு. ஒருவர் எந்த மருத்துவமனையில் இறந்தாலும், அவர் வசித்த கவுன்டியின் கணக்கில்தான் அந்த மரணம் சேர்க்கப்படுகிறது. பத்துக்கும் குறைவான எண்ணிக்கை வந்தால், ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக அதை வெளியிடாமல் மறைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவிடமிருந்து இதை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்றால் அதற்கு இவ்வளவு ஆத்திரமா?

நம்மால் முடியாது என்று சொல்ல வேண்டாம். 2020இல் கொரோனா காலத்தில் தமிழக அரசின் மருத்துவ அறிக்கையை ஒவ்வொரு நாள் மாலையும் நாம் காத்திருந்து படித்தோமே, நினைவிருக்கிறதா? இறந்த ஒவ்வொருவரின் வயது, மாவட்டம், முன்பே இருந்த நோய், சேர்க்கப்பட்ட நாள் எல்லாம் அதில் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. டெங்கு என்றால் இன்றும் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எண்ணத் தெரியாத அரசு அல்ல இது.

ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள். மனை விலை இறங்கிவிடுமாம், பெண் கொடுக்க யோசிப்பார்களாம். நியாயமான கவலைதான். பையன்கள் சாவது பரவாயில்லை, சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இந்த வாதத்தைச் சொன்னவர்களில் மனைத் தரகு செய்கிறவரும் ஒருவர் என்பதை நான் குறிப்பிடப்போவதில்லை.

குடும்ப மானம் என்ற வாதத்துக்கு மட்டும் நான் நிதானமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது என் வீட்டிலேயே பேசப்பட்டது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள்: இறப்புப் பதிவிலிருந்து வெளியாருக்குத் தரும் எந்த நகலிலும் இறப்பின் காரணம் வெளிப்படக் கூடாது. உங்கள் வீட்டில் இருக்கும் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தாலே தெரியும், காரணம் என்ற கட்டமே அதில் இருக்காது. அப்படியிருக்க, உண்மையான காரணத்தை அரசுக்குச் சொல்வதால் எவர் மானம் எங்கே போகிறது?

என் தங்கை மகனின் மானத்தையும் இப்படித்தான் காப்பாற்றினார்கள். அவனைப் பற்றி இங்கே எழுதுவதற்குத் தங்கையிடம் கேட்டுவிட்டேன், "எழுதுண்ணா" என்றாள். பையன் கெட்டவன் அல்ல. வண்டியிலிருந்து விழுந்து தோளில் அடிபட்டபோது எழுதிக்கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது. ட்ரமடால் என்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபின், அப்போது அந்தச் சட்டத்தில் இல்லாத, அதே வகையைச் சேர்ந்த டபென்டடால் பக்கம் எல்லோரும் நகர்ந்தார்கள் அல்லவா, அவனும் நகர்ந்தான். பிறகு மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்தோம். நன்றாகத் தேறி, கன்னத்தில் சதை பிடித்து, "மாமா, இனிமே தொட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரும்பினான். அந்த மாதமே இறந்துபோனான்.

பழக்கத்தை நிறுத்திய உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்காது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இப்படிப்பட்ட மரணம் மிக அதிகம் என்று மருத்துவ உலகம் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. பழைய அளவையே எடுத்தால் மூச்சு மந்தமாகி, மெல்ல மெல்ல நின்றுபோகும். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ இருந்தால் இன்னும் விரைவாக நிற்கும். அழைத்து வரப்போன எங்களிடம் அந்த மையத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. உணவு முறையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். நம் வட்டத்தில் இறந்தவர்களில் எத்தனை பேர் மையத்திலிருந்து திரும்பிய மாதத்திலேயே இறந்தவர்கள் என்று ஒரே ஒரு கணக்கு இருந்திருந்தால், அந்தத் துண்டுச் சீட்டில் இதுவும் இரண்டு வரி இருந்திருக்கும். நான் எண்ணச் சொல்வது இதற்காகத்தான், அறிக்கை அச்சடிப்பதற்காக அல்ல.

அவனை ஆட்டோவில் கொண்டுவந்த நண்பர்கள் மருத்துவமனை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். என்ன எடுத்தான் என்று மருத்துவரிடம் சொல்ல ஆளில்லை. ஓபியாய்டு வகை என்று தெரிந்தால், நலோக்சோன் என்ற ஊசி சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பிக் கொண்டுவரக்கூடியது. 2023 முதல் அமெரிக்காவில் அதை மூக்கில் அடிக்கும் மருந்தாகச் சீட்டில்லாமலே கடையில் வாங்கலாம். அந்தப் பையன்களைத் திட்டித் தீர்த்தது எங்கள் குடும்பம். நான் திட்டவில்லை. போதைப்பொருளை உட்கொள்வதே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி குற்றம் என்று அவர்களுக்குத் தெரியும். டபென்டடால் அந்தச் சட்டத்தில் வருமா வராதா என்று ஆராய நள்ளிரவில் அவர்களுக்கு நேரமில்லை. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வருகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஊசி போட்டு விழுந்தவனைத் தூக்கி வருகிறவனுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. பிறகு ஓடாமல் என்ன செய்வான்?

கடைசியில் வீட்டுப் பெரியவர்கள் கூடி, உடற்கூறாய்வு வேண்டாம் என்று கெஞ்சினார்கள். என் பேச்சு எடுபடவில்லை. அதே படிவம், அதே "இதய, சுவாச நிறுத்தம்". மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் படித்தேன்.

"திமிரெடுத்துச் செத்தவனுக்கு என்ன கணக்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் விஷச் சாராயம் குடித்து இறந்தவர்களைப் பற்றியும் இதே மாதிரி சொன்னீர்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அரசு ஒவ்வொருவராக எண்ணியது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்தது சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரே வாரத்தில் ஒரே ஊரில் இறந்தால் எண்ணுகிறோம், ஆண்டு முழுவதும் தெருவுக்கு ஒருவராக இறந்தால் எண்ண மாட்டோம் என்பதை மட்டும் கவனித்துக்கொள்கிறேன். என் தங்கைக்குப் பத்து லட்சம் வேண்டாம். அவள் மகன் எதனால் இறந்தான் என்று ஏதாவது ஒரு அரசுத் தாளில் எழுதியிருந்தால் போதும் என்கிறாள்.

கஞ்சாப் பொட்டலங்களை மேசையில் அடுக்கி, பின்னால் வரிசையாக நின்று எடுத்த படங்களை அனுப்பி, "நடவடிக்கை எடுக்கிறார்களே" என்கிறவர்களுக்கு: பிடிக்கட்டும், நல்லது. ஆனால் கஞ்சாவால் மட்டும் மூச்சு நின்று சாவது மிக மிக அரிது. சாவு எந்தப் பொருளால் வருகிறது என்று தெரியாமல், படத்துக்கு நன்றாக இருக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கப்போகிறேன். கேட்பது இவ்வளவுதான்: சந்தேக மரணங்களில் தடய அறிவியல் முடிவு வந்ததும் இறப்புப் பதிவேட்டில் காரணம் திருத்தி எழுதப்பட வேண்டும், கடலூர் முகவரி உள்ளவர் புதுச்சேரியில் இறந்தால் அந்தத் தகவல் இங்கே வர வேண்டும், பெயரில்லாமல், வட்ட வாரியாக, ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கையை வெளியிட வேண்டும். இரண்டு அரசுகள் சம்பந்தப்பட்டது, எளிதில் நடக்காது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலுக்கு வாருங்கள். அந்தப் பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இடம் உண்டு. திட்ட விரும்புகிறவர்கள் கீழே திட்டலாம், எதையும் நீக்க மாட்டேன். என் தங்கையும் இந்தப் பக்கத்தைப் படிப்பாள் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.