ஃபோரேயின் ரெக்வியம்: சிறு குழு வடிவமே மூத்தது

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே, இறந்தோருக்கான வழிபாட்டு இசையான தம் ரெக்வியத்தைப் பெரிய இசைக்குழுவுக்கே எழுதினார், சிறு குழு வடிவம் பிறர் அதை வெட்டிச் சுருக்கியது என்ற செய்தி சுற்றிவருகிறது. இது தவறு. நடந்தது நேர்மாறு.

1888 ஜனவரியில் பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் இது முதன்முதலில் ஒலித்தபோது, பாடகர்களுக்குத் துணைநின்றவை வயலினைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் தந்திக் கருவிகளான வயோலா, செல்லோ, டபுள் பாஸ், இவற்றோடு ஹார்ப், டிம்பனி, ஆர்கன் ஆகியவையே. வயலின் அணி கிடையாது. 'சாங்துஸ்' பகுதியில் மட்டும் ஒற்றை வயலின் நுழையும். கீழ்ஸ்தாயியின் அந்த அடர்ந்த நாதத்துக்கு மேலே அது தனித்து எழும்போது நெஞ்சு நின்றுவிடும்! முப்பது வயலின்கள் சேர்ந்தாலும் அந்தத் தனிமை வராது.

ஹார்ன், ட்ரம்பெட் பிறகு சேர்ந்தன. முழு இசைக்குழு வடிவம் 1900இல்தான் மேடையேறியது, அதுவும் பதிப்பாளர் கேட்டதற்காக. 1980களில் ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ரட்டர் பழைய வடிவத்தைப் பதிப்பித்தபோது எதையும் சுருக்கவில்லை. மறைந்து கிடந்ததை மீட்டார்.