எப்பவும் இப்படித்தானா?

எங்க கொங்குப் பக்கம் யாருக்கு ஓட்டுப் போடுதுன்னு ஒருத்தர் போட்ட அந்த தேர்தல் மேப்பைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம்னுதான் ரெண்டு நாளா இருந்தேன். காலையில இருந்து மூணு பேரு அதையே இன்பாக்ஸ்ல அனுப்பி, "உங்க ஊரு!"ன்னு சிரிப்பு பொம்மை போட்டதுக்கப்புறம் முடியலைங்க.

2021 சட்டமன்றத் தேர்தல் முடிவை வெச்சு கொங்கு முழுக்க ஒரே கலரை இழுத்து விட்டாச்சு. மேல ஒரு வரி: "இவங்க எப்பவும் இப்படித்தான்."

எப்பவுமா?

கோவை மாவட்டத்துல பத்துக்குப் பத்தும் அதிமுக கூட்டணி, சரி. 2024 மக்களவைத் தேர்தல்ல என்னாச்சு? கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், ஒண்ணு விடாம திமுக கூட்டணி. மூணே வருசம், அதே பூத்து, அதே சனம். கம்யூனிஸ்ட்டு பார்வதி கிருஷ்ணனை எம்.பி.யா டெல்லிக்கு அனுப்பினதும் கோயமுத்தூருதான். 1998, 1999-ல பாஜகவை அனுப்பினதும், 2009, 2019-ல மார்க்சிஸ்டை அனுப்பினதும் அதே ஊருதான். மாத்தி மாத்தித்தானுங்க போட்டிருக்கோம். அந்த மேப்புலயே பாருங்க, மொடக்குறிச்சி. 281 ஓட்டுல முடிஞ்ச தொகுதி. அதுக்கும் அதே அப்பு.

மொடக்குறிச்சி எங்க அப்பச்சி ஊருப்பக்கம். 1996-ல அங்க வேட்பாளரு மட்டும் 1,033 பேரு. கோரிக்கையைக் கேக்க நாதியில்லாம விவசாயிங்க ஆளாளுக்கு மனுப் போட்டுட்டாங்க. ஓட்டுச்சீட்டு புஸ்தகமா வந்துச்சு. அப்பச்சி கண்ணாடியை மறந்துட்டுப் போயி, பக்கம் பக்கமாப் பொரட்டிட்டு நிக்க, வரிசையில ஒரே சத்தமாம். யாருக்குத்தான் போட்டீங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டுப் பார்த்தேன். "சொல்றதுக்கா மறைவு கட்டிக் குத்தச் சொல்றான்?" அவ்வளவுதான் பதில். அரசாங்கம் அதுல என்ன கத்துக்குச்சோ, அந்த வருசமே சட்டமன்ற டெபாசிட்டை 250-ல இருந்து 5,000 ஆக்கிட்டாங்க!

"சாதி பார்த்துப் போடறீங்க"ம்பீங்க. பார்க்கறாங்க. எதிரெதிரா நிக்கற ரெண்டு பேரும் ஒரே சாதியா இருந்தா எதைப் பார்த்துப் போடறதுன்னு சீட்டுக் குடுத்தவங்களைக் கேளுங்க.

"காசு வாங்கறீங்க". இதுக்குத்தான் எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. வாங்கறவங்க இருக்காங்க, இல்லைங்கல. எங்க மட்டும் இல்லை, சொல்லுங்க? விவசாயக் கரண்டுல யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காகப் போராடி, 1970-ல பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச்சூட்டுல செத்த மண்ணு இது. அப்ப இருந்தது திமுக ஆட்சி. அப்புறம் பம்புசெட்டுக்கு இலவசக் கரண்டு குடுத்ததும் அதே திமுகதான். எங்க சனத்துக்கு ரெண்டும் ஞாபகம் இருக்கு. குளம் குட்டைக்குத் தண்ணி கொண்டு வர்ற அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினது ஒரு கட்சி, 2024-ல தொறந்து வெச்சது இன்னொரு கட்சி. ரெண்டு பேரும் "எங்களுது"ங்கறாங்க. இப்ப நாங்க யாருக்கு நன்றி காட்டணும்னு நீங்களே ஒரு மேப்பு போட்டுச் சொல்லிடுங்க சாமி.

அந்த மேப்பைப் போட்ட மகராசன் எனக்கு யாரோ எவரோ. அவர் மேல கோபம்கூட இல்லை. கீழ ஹார்ட்டு போட்டு, "படிப்பறிவு பத்தாது மச்சி"ன்னு கமெண்டும் எழுதினவன் யாரோ இல்லைங்க. நாலு வருசம் ஹாஸ்டல்ல என் பக்கத்துக் கட்டில். தேருக்கு எங்க ஊட்டுக்கு வந்து, அம்மா சுட்ட கச்சாயத்தைப் பொட்டணம் கட்டிட்டுப் போனவன்.

இந்த வருசம் தேரு எப்படான்னு போன மாசம்தான் கேட்டிருந்தான்.