மோசே கேட்டது மகிமை

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் புது வீடு, புது கார், விசா கிடைத்ததைச் சொல்லி "தேவனுக்கே மகிமை" என்று முடிக்கிறோம். நன்றி சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் மகிமை என்றாலே பலமும் பளபளப்பும்தான் ஞாபகம் வருகிறது. அது பல நாளாக என் மனதை உறுத்துகிறது.

"உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்" என்று மோசே கேட்கிறார் (யாத்திராகமம் 33:18). கேட்ட நேரத்தைப் பாருங்கள். அவர் நடத்திவந்த இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டியைக் கும்பிட்ட சூடு இன்னும் ஆறவில்லை. சீனாய் மலையின் இடியும் மின்னலும் மோசே ஏற்கெனவே கண்டவைதான். கர்த்தரோ, தம் தயையை எல்லாம் அவர் முன்பாகக் கடந்துபோகப்பண்ணுவேன் என்கிறார். அடுத்த அதிகாரத்தில் தம் நாமத்தைக் கூறும்போதும் இரக்கமும் கிருபையுமே முதலில் வருகின்றன.

இரக்கம்தான் மகிமை என்பது எனக்குப் புரிந்தது அப்பாவால். பள்ளிபாளையத்தில் ஒரு பட்டறையில் தறி ஓட்டினார். அங்கே முன்பணம் வாங்காத தறிக்காரர் அபூர்வம். பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அப்பா கால் முறிந்து கிடந்தபோது முதலாளி வீட்டுக்கே வந்து, நோட்டில் அப்பா பெயருக்கு நேரே இருந்த பாக்கியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "யாருகிட்டயும் கைநீட்டாம பொழைக்கோணும் கண்ணு" என்று வளர்ந்தவர். கால் சரியானதும் வாராவாரம் கொஞ்சம் பணம் கொண்டுபோனார். முதலாளி வாங்கவே இல்லை. அப்புறம் சாகும்வரை அந்த மனிதரின் பெருமையைப் பேசினார். அவருக்கு எத்தனை தறி ஓடியது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு கோட்டைத்தான் சொன்னார்.

சரி, அடித்த பாக்கி எங்கே போனது? முதலாளியின் கையிலிருந்துதான் போனது. மோசேயிடம் அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்று சொன்ன அதே வாயால், குற்றவாளியைச் சும்மா விடுகிறவர் அல்ல என்றும் கர்த்தர் சொல்கிறார். இரண்டும் சேர்ந்து நிற்கும் இடம் சிலுவை ஒன்றுதான். நம் பாக்கியை அவரே ஏற்றுக்கொண்டார். அதனால்தான் யோவான் சுவிசேஷத்தில் இயேசு தம் மரணவேளையையே, தாம் மகிமைப்படும் வேளை என்கிறார் (12:23).

நம் கொங்கு மண்ணில் உழைத்துச் சம்பாதித்ததற்குத்தான் மதிப்பு. நல்ல குணம்தான். ஆனால் அதே குணத்தோடு கர்த்தரிடமும் வாராவாரம் தவணை கட்டப் போகிறோம்: உபவாசம், காணிக்கை, ஊழியம் என்று. அவர் ஏற்கெனவே அடித்துவிட்ட கணக்குக்கு.

வரும் ஞாயிறு சாட்சி சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் வீடு கட்டியதைச் சொல்லப்போவதில்லை. எனக்கு மன்னிக்கப்பட்டது என்ன என்பதைச் சொல்லப்போகிறேன்.