எம்ப்ரேயருக்கு முன்னால் ஒரு கல்லூரி இருந்தது

நாட்டுக்கென்று பெரிய நிறுவனங்கள் வேண்டும், அரசு அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. பதிலுக்கு எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் என் சண்டை. பிரேசிலின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எம்ப்ரேயரின் கதையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உலகம் பிரேசிலைக் காபி விற்கும் நாடாகவே அறிந்திருந்த 1950இல், அந்நாட்டு விமானப்படை சாவோ ஜோசே டோஸ் காம்போஸ் நகரில் ஐ.டி.ஏ. என்ற விமானப் பொறியியல் கல்லூரியைத் தொடங்கியது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஒருவரையே அழைத்து வந்து அதற்குத் தலைமை தாங்கச் செய்தார்கள். எம்ப்ரேயர் பிறந்ததோ 1969இல். இடைப்பட்ட 19 ஆண்டுகள் பொறியாளர்களை உருவாக்குவதில் போயின. நாம் நிறுவனத்தைக் கொண்டாடுகிறோம். அந்த 19 ஆண்டுகளை யாரும் பேசுவதில்லை.

அவர்களுடைய முதல் விமானமான பந்தெய்ராந்தே, இரண்டு இன்ஜின்கள் கொண்ட சிறிய விமானம். பெரிய ஜெட்டுகள் இறங்க முடியாத சிற்றூர்களுக்காக, மண் ஓடுபாதையிலும் இறங்கும்படி செய்யப்பட்டது. இன்ஜின் கனடாவிலிருந்து வந்தது. ஒவ்வொரு திருகாணியும் உள்நாட்டில்தான் செய்யப்பட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. வடிவமைக்கும் அறிவு தங்களிடம் இருந்தால் போதும் என்றார்கள். அமெரிக்கா தன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளை 1978இல் தளர்த்தியதும், அங்குள்ள சிறு விமான நிறுவனங்கள் பந்தெய்ராந்தேயை வாங்கத் தொடங்கின.

இதே பிரேசில் 1984இல் சட்டம் போட்டுச் சிறு கணினிச் சந்தையை உள்நாட்டு நிறுவனங்களுக்கே ஒதுக்கியது. வாங்குபவருக்கு வேறு வழியில்லை. விலை அதிகம், தொழில்நுட்பமோ பழையது. 1990களின் தொடக்கத்தில் அந்த ஒதுக்கீட்டைக் கைவிட்டார்கள். இரண்டு துறைகளுக்கும் அரசின் அரவணைப்பு இருந்தது. ஆனால் விமானம் செய்தவர்கள் வெளிநாட்டில் விற்க அந்நிய நாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டியிருந்தது. கணினி செய்தவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

எம்ப்ரேயரும் கடனில் மூழ்கி, ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்பி, 1994இல் தனியார் கைக்குப் போனது. தனியார்மயம்தான் காப்பாற்றியது என்பவர்கள், கல்லூரி தொடங்கிய 1950 முதல் அதுவரை 44 ஆண்டு போட்ட பொதுப் பணத்தை மறைக்கிறார்கள். அரசுதான் எல்லாம் செய்தது என்பவர்கள், அந்தக் கடனை மறைக்கிறார்கள். அரசு விதைத்ததில் விளைந்த, எம்ப்ரேயரின் ஈ.ஆர்.ஜே.-145 விமானத்தின் முதுகில்தான் இன்று நம் விமானப்படையின், வானிலிருந்தே எதிரி விமானங்களைக் கண்காணிக்கும் நேத்ரா ரேடார் இருக்கிறது.

நாமும் 2021இல் கணினிக்கும் செல்பேசிக்கும் வேண்டிய சில்லுகளைச் செய்யும் குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய் ஒதுக்கினோம். ஆலைச் செலவில் பாதியை மத்திய அரசே தருகிறது. தரட்டும், நான் வரவேற்கிறேன். ஆனால் எந்த ஆண்டுக்குள் வெளிநாட்டுச் சந்தையில் விற்றுக் காட்ட வேண்டும், தவறினால் எவ்வளவு பணம் திரும்பி வரும், எத்தனை கல்லூரி ஆய்வகங்கள் இதனால் உயரும் என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எழுதியதை வரி கட்டுகிறவன் படிக்கும்படி வெளியிடுங்கள்.