குருவிடம் ஒரு தோல்வி, சிஷ்யனிடம் ஒரு தோல்வி

ஆஸ்திரேலிய டிவிக்காரர்களுக்கு ரக்பி லீக் கோச் கிரெய்க் பெல்லமி என்றால் தனிப் பிரியம். அவருடைய மெல்போர்ன் ஸ்டார்ம் அணியின் ஆட்டத்தில் யாராவது பந்தைக் கை நழுவ விட்டால் போதும், கேமரா மைதானத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே கண்ணாடிக் கூண்டுக்குப் போய்விடும். அங்கே நரைத்த தலை ஒருவர் மேஜையைக் குத்திக்கொண்டிருப்பார். எழுவார், உட்காருவார், தலையில் கை வைப்பார், மறுபடி எழுவார். சத்தம் வராது. ஆனால் வாயசைவைப் பார்த்தாலே என்ன வார்த்தை என்று புரிந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரிமோட்டைத் தேட வேண்டியதுதான். இதில் வேடிக்கை, பல நேரம் அவருடைய அணி அப்போது இருபது முப்பது பாயிண்ட் முன்னாலே இருக்கும்.

நான் இருக்கும் இந்த மெல்போர்னில் "ஃபூட்டி" என்றால் ஏ.எஃப்.எல். என்ற ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து மட்டும்தான். ரக்பி லீக் என்று சொன்னால் அது சிட்னிக்காரன் விளையாட்டு, பிரிஸ்பேன்காரன் விளையாட்டு என்று தோளைக் குலுக்குவார்கள். ஆபீஸில் பன்னிரண்டு பேரில் ஸ்டார்ம் பார்ப்பவன் நான் ஒருத்தன். நானும் 2020இல்தான் ஒட்டிக்கொண்டேன். ஊரடங்கு, ஐந்து கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியே தலை காட்டக்கூடாது. அந்த நேரத்தில் எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு ஒரு அணி, சொந்த ஊரில் ஆட முடியாமல், குயின்ஸ்லாந்து சன்ஷைன் கோஸ்ட்டில் மாதக்கணக்கில் கூடாரம் அடித்து ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க வேறு என்ன இருந்தது?

கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு ரக்பி லீக் சட்டென்று பிடிபடும். ஒரு பக்கம் 13 பேர். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பிடித்து மண்ணில் சாய்க்க வேண்டும். ஆறு தடவை சாய்த்துவிட்டால் பந்து கை மாறும். விழுந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்பக்கம் உருட்டி விடுவான். அவன் எழுந்து உருட்டுவதற்குள் எதிரணி பத்து மீட்டர் பின்னால் போய் வரிசை கட்டியிருக்க வேண்டும். ஆட்டத்தின் உயிரே இந்த மூன்று நான்கு நொடியில்தான். விழுந்தவன் சீக்கிரம் எழுந்துவிட்டால் எதிரணி வரிசை சிதறிக் கிடக்கும், ஓட்டை தெரியும். அவன் மேல் இன்னும் ஒரு நொடி கூடுதலாகப் படுத்துவிட்டால் வரிசை சுவராகிவிடும். நம்ம ஊரில் பாடி வந்தவனின் கணுக்காலைப் பிடித்துவிட்டு, அவன் மூச்சு தீரும் வரை மேலே விழுந்து அமுக்குகிறோமே, அந்தக் கணக்குதான். அந்த ஒரு நொடியை வைத்துப் பிழைப்பு நடத்தியவர் என்று பெல்லமியைத் திட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு வருகிறேன்.

ஆள் பிறந்தது 1959இல், நியூ சவுத் வேல்ஸில் போர்ட்லண்ட் என்ற சிமென்ட் ஆலை ஊரில். 1982இல் கான்பெரா ரெய்டர்ஸ் அணிக்கு வந்து பத்துப் பதினோரு வருஷம் ஆடினார். அந்த அணியைக் கொஞ்சம் பாருங்கள்: மால் மெனிங்கா, லாரி டேலி, ரிக்கி ஸ்டூவர்ட், பிராட்லி கிளைட். அந்தக் காலத்து ஆஸ்திரேலிய அணியே பாதி அங்கேதான் இருந்தது. நடுவில் பெல்லமி. இன்றைக்கு சென்டரில் ஆள் இல்லையா, அங்கே. நாளைக்கு லாக் இடத்தில் ஆள் இல்லையா, அங்கே. 1990 இறுதிப் போட்டியில் பென்ரித்தை 18-14 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். ஆனால் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியதில்லை. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜினில் ஆடியதே இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் தக்கவைக்க ஒவ்வொரு வாரமும் உழைத்தாக வேண்டிய ஆள்.

என் அபிப்பிராயத்தில் அவருடைய மொத்தப் பயிற்சி முறையும் அங்கேதான் உருவாகியிருக்கிறது. இயற்கையாகவே எல்லாம் வருகிறவனுக்குத் தன்னால் எப்படி முடிகிறது என்று சொல்லத் தெரியாது. "பந்து வருது, அடிக்கிறேன்" என்பான். பக்கத்தில் நின்று பத்து வருஷம் அதைப் பார்த்து, அது ஏன் தனக்கு வரவில்லை என்று யோசித்தவனுக்குத்தான் அதைப் பிரித்துப் போட்டுக் காட்டத் தெரியும்.

கான்பெராவில் 1987இல் பயிற்சியாளராக இருந்த இருவரில் ஒருவர் வெய்ன் பென்னட். ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் பெரிய வாத்தியார். பின்னாளில் அந்த பென்னட்டிடமே பிரிஸ்பேன் பிராங்கோஸில் 1998 முதல் 2002 வரை உதவியாளராகப் போய் நின்றார் பெல்லமி. 2002இல் ஒரு சம்பவம். பென்னட் குயின்ஸ்லாந்து மாநில அணியோடு போய்விட்டார், பிராங்கோஸின் பெரிய தலைகளும் மாநில அணிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த பொடியன்களைக் கூட்டிக்கொண்டு பெல்லமி போய் வெஸ்ட்ஸ் டைகர்ஸைத் தோற்கடித்துவிட்டு வந்தார். "பேபி பிராங்கோஸ்" என்று இன்றைக்கும் பிரிஸ்பேனில் அந்த ஆட்டத்தைச் சொல்வார்கள். அடுத்த வருஷமே மெல்போர்ன் வேலை கிடைத்தது.

2003. ரக்பி லீக் பெயர் கூடச் சரியாகத் தெரியாத ஊர். கிளப் ஆரம்பித்து ஐந்து வருஷம். வந்ததும் அவர் வைத்த சட்டம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அணிக்குப் புதிதாகச் சேரும் பையன்கள் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம் கூலி வேலைக்குப் போக வேண்டும். விடியலில் எழுந்து போய் நாள் முழுக்க உடம்பு நோக வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். பதினெட்டு வயசில் லட்சக்கணக்கில் ஒப்பந்தம் போட்டுக் கார் வாங்கிய பையன், கட்டட வேலைக்காரன் பக்கத்தில் நின்று மண் அள்ளுவான். சனிக்கிழமை டிக்கெட் வாங்கி வந்து உட்காருகிறவன் யார், அந்தக் காசை அவன் எப்படிச் சம்பாதித்தான் என்று தெரிந்துகொண்டு ஆட வா, என்பதுதான் அதன் பொருள். சிமென்ட் ஆலை ஊர்க்காரருக்குத் தோன்றுகிற யோசனை.

பழைய குற்றச்சாட்டுக்கு வருவோம். மல்யுத்தமும் ஜூஜிட்சுவும் தெரிந்தவரைக் கொண்டுவந்து, சாய்த்தவனை எப்படி எழவிடாமல் வைத்திருப்பது என்று தன் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் பெல்லமி. மற்ற கிளப்புகளும் பார்த்துப் பின்னாலேயே போனார்கள். ஆட்டம் மந்தமானது. கழுத்தைச் சுற்றிப் பிடிப்பது, கையை முறுக்குவது என்று அசிங்கமான விஷயங்களும் கூடவே வந்தன. 2008 இறுதிப் போட்டிக்கு முன் கேப்டன் கேமரன் ஸ்மித்துக்கு அப்படி ஒரு பிடிக்காகத் தடை விழுந்தது. பெல்லமியும் கிளப் தலைமை அதிகாரியும் தீர்ப்பு சொன்னவர்களைப் பொதுவில் வறுத்தெடுத்தார்கள். கிளப்புக்கு 50,000 டாலர் அபராதம். ஸ்மித் இல்லாமல் இறங்கி மேன்லியிடம் 40-0. இறுதிப் போட்டி வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய அடி வேறு யாரும் வாங்கியதில்லை.

ஸ்டார்ம் ரசிகனாக இருந்தும் சொல்கிறேன், அந்தப் பிடிகளை நான் ரசிக்கவில்லை. பழைய ஆட்டங்களை யூடியூபில் பார்த்தால் கொட்டாவி வருகிறது. ஆனால் "பெல்லமிக்கு அது மட்டும்தான் தெரியும்" என்பவர்களுக்கு 2020ஐக் காட்டுவேன். அந்த வருஷம் ஆட்டத்தை வேகப்படுத்த, ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல். விதியை மாற்றியது. விழுந்தவனை எழவிடாமல் அமுக்கினால் பெனால்டிக்காக ஆட்டத்தை நிறுத்தாமல் அவன் அணிக்கு ஆறு வாய்ப்பும் புதிதாகக் கிடைக்கும். ஸ்டார்ம் கதை முடிந்தது என்றார்கள். சொந்த ஊரை விட்டு ஹோட்டல் அறையில் இருந்துகொண்டே அந்த வருஷக் கோப்பையை எடுத்தார்கள், பென்ரித்தை 26-20 என்று. அடுத்த வருஷம் அதே விதியில் தொடர்ந்து 19 ஆட்டம் ஜெயித்தார்கள். 1975இல் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் வைத்த சாதனை சமமானது. ஒரு நொடி மெதுவாக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு நொடி வேகமாக்கவும் தெரிந்திருந்தது.

இப்போது 2010. இதைச் சொல்லாமல் பெல்லமி பற்றி எழுதுவது, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பழைய கேஸை மறைக்கிற மாதிரி.

என்.ஆர்.எல்.லில் ஒரு அணி வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. பணக்காரக் கிளப் எல்லா நல்ல ஆட்களையும் அள்ளிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஸ்டார்ம் நிர்வாகம் இரண்டு கணக்கு வைத்திருந்தது. லீகுக்குக் காட்ட ஒன்று, உள்ளே ஒன்று. 2010 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பு வந்தது. 2007, 2009 கோப்பைகள் பறிப்பு. 16 லட்சத்து 89 ஆயிரம் டாலர் அபராதம். அந்த சீசன் முழுக்க எத்தனை ஜெயித்தாலும் பாயிண்ட் கிடையாது.

மூன்று நாள் கழித்து நியூசிலாந்து வாரியர்ஸோடு ஆட்டம். பூஜ்யத்துக்கு ஆடப் போகிறார்கள். ஜெயித்தார்கள், 40-6. அந்த சீசனில் மொத்தம் 14 ஆட்டம் ஜெயித்தும் பட்டியலில் கடைசி இடம்.

பெல்லமிக்கு அந்த இரட்டைக் கணக்கு தெரிந்திருந்தது என்று எதுவும் நிரூபணமாகவில்லை. ஸ்டார்ம் ரசிகர்கள் பலர் இதைப் பிடித்துக்கொண்டு "களத்தில் ஜெயித்தது ஜெயித்ததுதான், 2007ம் எங்களுடையது, 2009ம் எங்களுடையது" என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பறித்தது சரி. வரம்புக்குள் நின்று ஆடிய அணிகள் தங்களால் வைத்துக்கொள்ள முடியாத ஆட்களை விட்டுக்கொடுத்த காலத்தில், நாம் சேர்ந்தாற்போல் வைத்திருந்தோம். 2009 இறுதியில் 23-16 என்று தோற்ற பாராமட்டா ரசிகனிடம் போய் "களத்தில் ஜெயித்தோம்" என்று சொல்லிப் பாருங்கள். 1986க்குப் பிறகு கோப்பையே பார்க்காதவன் அவன். கோச்சுக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். பலன் கோச்சுக்கும் போனதுதானே?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். சம்பளத்தைக் குறைத்தாக வேண்டும், கிரெக் இங்கிலிஸ் சவுத் சிட்னிக்குப் போனார், இன்னும் சிலர் இங்கிலாந்துக்கும் வேறு கிளப்புகளுக்கும் போனார்கள். பெல்லமி போகவில்லை. மற்ற கிளப்புகள் வேண்டாம் என்று விட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, 2012இல் புல்டாக்ஸை 14-4 என்று வென்று, யாரும் கை வைக்க முடியாத ஒரு கோப்பையைக் கொண்டுவந்தார். 2017இல் இன்னொன்று, நார்த் குயின்ஸ்லாந்தை 34-6 என்று. மூன்றாவது அந்த 2020. வந்த 2003 முதல் 2025 வரை, பாயிண்டே கிடையாது என்ற அந்த 2010ஐத் தவிர, ஒரு வருஷம் கூட ஸ்டார்ம் இறுதிச் சுற்றுகளுக்குப் போகாமல் இருந்ததில்லை.

மாநில அணியில் மட்டும் பருப்பு வேகவில்லை. 2008 முதல் 2010 வரை நியூ சவுத் வேல்ஸுக்குக் கோச்சாக இருந்தார், மூன்று வருஷமும் தோல்வி. எதிரே குயின்ஸ்லாந்து ஜெர்சியில் நின்றவர்கள் யார்? ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், இங்கிலிஸ். வாரம் முழுக்க தான் திட்டித் திட்டி வளர்த்த பிள்ளைகள்.

"ஸ்மித், ஸ்லேட்டர், கூப்பர் கிரோங்க் மூன்று பேர் இருந்தால் என் பாட்டியும் கோச் ஆகலாம்" என்று ஒரு வாதம் உண்டு. மூவரும் பெல்லமியிடம் வந்தபோது பேர் தெரியாத பையன்கள். மூவரும் போன பிறகுதான் அந்த 19 தொடர் வெற்றி. இதற்கு மேல் அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நான் அவரிடம் அதிகம் யோசிப்பது வெற்றியை அல்ல. பதினோரு இறுதிப் போட்டிகளில் ஆறு தோல்வி. முதல் தோல்வி 2006இல், 15-8. எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ், கோச் வெய்ன் பென்னட். தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார். 2018இல் சிட்னி ரூஸ்டர்ஸிடம் 21-6. தோள்பட்டை எலும்பு உடைந்த நிலையில் அந்தப் பக்கம் நின்று ஆட்டத்தை நடத்தியவர் கிரோங்க், பெல்லமி பதினாலு வருஷம் வளர்த்த பையன். கடைசியாக 2025 அக்டோபர். மறுபடி அதே பிரிஸ்பேன் பிராங்கோஸ். கோச் மைக்கேல் மகுவயர். 2005 முதல் 2009 வரை மெல்போர்னில் பெல்லமிக்குக் கீழே உதவியாளராக இருந்து தொழில் படித்தவர்.

இடைவேளையில் 22-12 என்று நாம் முன்னிலை. நான் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன். அந்த டீ ஆறியதுதான் மிச்சம். இரண்டாம் பாதியில் ஸ்டார்மால் ஒரு பாயிண்ட் கூட எடுக்க முடியவில்லை. 26-22.

மறுநாள் ஆபீஸில் ஏ.எஃப்.எல். கூட்டம் கேட்டது, "உங்க ஆள் நேத்து மேஜையை உடைச்சாரா?" என்று. அறுபத்தாறு வயசு ஆகிவிட்டது, இனியாவது நிறுத்துவாரா என்று இன்னொருத்தன். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. அடுத்த சீசனுக்குப் புதுப் பையன்கள் வருவார்கள், அவர்களுக்கு முதல் வாரம் எங்கே கூலி வேலை போட்டிருப்பார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.