‘இது என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

போன வாரம் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு படப் புத்தகம் காட்டிக்கொண்டிருந்தார். "இது என்ன?" "யானை." "இது?" "மரம்." "மரம் என்ன கலரு?" "பச்சை." அடுத்த பக்கம். இப்படியே ஐந்து நிமிடத்தில் புத்தகம் முடிந்துவிட்டது. அந்த யானை ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரத்தடியில் நிற்கிறது என்று யாருமே கேட்கவில்லை. பையனுக்கு அது தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பக்கம் திரும்பும் வரை அவன் விரல் யானையின் கண்ணை விட்டு நகரவில்லை.

தோழியைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் வகுப்பில் நானும் இதையேதான் செய்தேன். அதைவிட மோசமாகவும் செய்தேன். கதையைப் படித்து முடித்ததும் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து ‘சொல் - பொருள்’ என்று பத்து வரி எழுதிப் போட்டு, ஐந்து முறை எழுதி வரச் சொல்வேன். கொஞ்ச நாளில், நான் படக்கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பிள்ளைகள் முகம் சுருங்க ஆரம்பித்தது. கதைப் புத்தகத்தைப் பார்த்துக் குழந்தை பயப்படுகிறது என்றால் தப்பு யாருடையது?

நம் வகுப்பறைச் சுவர்களைப் பாருங்கள். அ அணில், ஆ ஆடு, இ இலை, ஈ ஈ, உ உரல். எல்லாம் பெயர்ச்சொல். (உரல் படத்தை எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் ‘உடுக்கை’ என்றார்கள். அவர்கள் வீட்டில் உரல் இருந்தால்தானே!) எழுத்து அறிமுகத்துக்கு அந்த அட்டை போதும், சரி. ஆனால் சொல்வளம் என்றாலே பொருள்களின் பெயர்ப் பட்டியல் என்று நாம் பழகிப்போனது அங்கிருந்துதான். ஆட்டையும் மரத்தையும் பெயர் சொல்லத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் ஒன்றாம் வகுப்புக்கு வருவதில்லை.

பிள்ளைகளிடம் குறைவாக இருப்பது வேறு. பூனை கோழியைப் பார்க்கிற ஒரு படத்தைக் காட்டி, "பூனை என்ன பண்ணுது?" என்று கேட்டேன். "பாக்குது" என்றார்கள். "எப்படிப் பாக்குது?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒருவன் "திருட்டுத்தனமா பாக்குது" என்றான். இன்னொருத்தி "ஒளிஞ்சு பாக்குது". "மொறச்சுப் பாக்குது." "இல்ல டீச்சர், மொறச்சா கண்ணு இப்படி இருக்கும்" என்று ஒருத்தி முறைத்தே காட்டினாள். எட்டிப் பார்ப்பது, உற்றுப் பார்ப்பது, திரும்பிப் பார்ப்பது, நோட்டம் விடுவது என்று அன்று ஒரே பூனையை வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். தமிழில் வினையின் அழகே இதில்தான் இருக்கிறது. பார் என்பது ஒரே சொல்தான். அதற்கு முன்னால் என்ன வந்து ஒட்டுகிறது என்பதில்தான் பூனையின் மனசு தெரியும்.

இரட்டைக்கிளவியும் அப்படித்தான். திருதிரு, கிடுகிடு, மளமள, தடதட. இவற்றுக்குப் பொருள் எழுதச் சொன்னால் எனக்கே வராது. திருதிருவென விழிப்பது என்றால் என்னவென்று எழுதி விளக்குவீர்களா, மாட்டிக்கொண்ட குரங்கின் படத்தைக் காட்டுவீர்களா?

இன்னொரு விஷயம், தமிழுக்கே உரிய சிக்கல். எங்கள் பிள்ளை பேசுவது ஒன்று, புத்தகம் பேசுவது வேறொன்று. நாய் ‘ஊட்டுக்குள்ள பூந்துருச்சு’ என்பான். புத்தகத்தில் ‘வீட்டிற்குள் நுழைந்தது’ என்று இருக்கும். முன்பெல்லாம் உடனே திருத்துவேன். திருத்திய மறுநிமிடம் அந்த வாய் மூடிக்கொள்ளும். தனக்குத் தெரிந்ததே தப்பு என்று ஆகிவிட்டால் அப்புறம் எதைப் பேசுவது? இப்போது திருத்துவதில்லை. "ஆமா, பூந்துருச்சு" என்று அவன் சொல்லை வாங்கிக்கொண்டு, அதே படத்தின் மேல் விரல் வைத்து, ‘வீட்டிற்குள் நுழைந்தது’ என்று வரியைப் படிக்கிறேன். இரண்டும் ஒரே சங்கதிதான் என்பதற்குப் படம் சாட்சி, நான் விளக்க வேண்டியதில்லை. அதே புத்தகத்தை நாலாவது நாள் படிக்கும்போது எனக்கு முந்தி அவனே ‘நுழைந்தது’ என்று கத்துவான். பூந்துருச்சும் எங்கும் போய்விடவில்லை, அது விளையாட்டு மைதானத்தில் பத்திரமாக இருக்கிறது.

தெரிந்த சொல்லே வேறு பொருளோடு வந்து நிற்கிற வேடிக்கையும் உண்டு. ஒரு கதையில் ‘காடு’ என்று வந்தது. எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். "எங்க காட்டுலயுங் கடலக்கா போட்டிருக்குது டீச்சர்" என்றாள் ஒருத்தி. பக்கத்தைத் திருப்பினால் புலி! வகுப்பே சிரித்தது. அன்று ஒரு சொல்லுக்கு இரண்டு காடு கிடைத்தது. எனக்கும் சின்ன வயதில் இப்படி நடந்திருக்கிறது. அப்பா நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியிலிருந்து ஒரு சோவியத் படக்கதைப் புத்தகம் வாங்கி வந்தார். அதில் ‘பனி’ என்று போட்டு, வீட்டின் கூரை வரைக்கும் வெள்ளையாகக் குவிந்திருந்தது. எனக்குத் தெரிந்த பனி மார்கழியில் புல் நுனியில் நிற்பது. அந்தப் படம் இல்லாமல் ஆயிரம் பேர் சொல்லியிருந்தாலும் அந்த வெள்ளைப் பனி என் மண்டையில் ஏறியிருக்காது.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1988-ல் அமெரிக்காவில் ஒய்ட்ஹர்ஸ்ட் என்பவர் தன் குழுவோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள். இரு தரப்புப் பெற்றோரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் படப் புத்தகம் வாசித்தார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் ஒரு பயிற்சி: மளமளவென்று வாசித்துக்கொண்டே போகாதே, விரலால் தொட்டுக் காட்டினால் முடிந்துபோகிற கேள்வியைக் குறைத்துக்கொள், குழந்தையைச் சொல்ல விடு, அது சொன்னதை வாங்கிக் கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல். நடந்தது ஒரே மாதம்தான். அந்த வீட்டுக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். புத்தகம் வாசித்தார்கள் என்பது இரண்டு வீட்டுக்கும் பொது. வித்தியாசம் யார் பேசினார்கள் என்பதில் இருந்தது.

வகுப்பில் எப்படி என்று கேட்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். முதல் நாள் ஒரு வரிகூடப் படிப்பதில்லை, படங்கள் மட்டும். பக்கத்தைத் திருப்பும் முன் நிறுத்திவிடுவேன். "அடுத்து என்ன ஆகும்?" ஊகம் சரியா தப்பா என்று நான் சொல்வதில்லை, அடுத்த பக்கம் சொல்லும். தன் முறைக்குக் காத்திருப்பது, அடுத்தவன் சொல்வதைக் கேட்டு "இல்ல, ஏன்னா..." என்று பதில் சொல்வது, முன்னால் நடந்தது எது பின்னால் நடந்தது எது என்று கோத்துப் பார்ப்பது எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது. தனிப் பாடவேளை வேண்டாம். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் படிக்கப் பழகுங்கள். முதல் பத்து நாள் கழுத்து வலிக்கும்.

திரையில் போட்டுக் காட்டலாமே என்கிறார்கள். நான் கட்சி மாற மாட்டேன். காகிதத்தில்தான் ஒரு பிள்ளை எழுந்து வந்து, இரண்டு பக்கம் பின்னால் புரட்டி, "இங்க பாருங்க, அப்பவே நரி இருந்துச்சு" என்று நிரூபிக்க முடியும்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. சின்னச் சின்னப் புத்தகங்கள், பிள்ளைகள் கைக்கு அடக்கமானவை. குழந்தைகள் புத்தகம் போடுகிற பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். சென்னையில் தூலிகா பதிப்பகத்தார் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் புத்தகங்கள் போடுகிறார்கள். இன்றைய பஞ்சம் புத்தகத்துக்கு இல்லை, பீரோ சாவிக்குத்தான். முன்பு நான் இருந்த ஒரு பள்ளியில் அத்தனை புத்தகமும் புது மணம் மாறாமல் பூட்டிக் கிடக்கும். இருப்புப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஒரு முறை பார்வைக்கு வந்த ஓர் அதிகாரி, பிள்ளைகள் கையில் இருந்த செல்லோ டேப் ஒட்டிய புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "என்ன இது, இப்படி வெச்சிருக்கீங்க?" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டாம். ஆனால் அன்று வாய் திறக்கவில்லை, மென்று விழுங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு மில் குடியிருப்பிலிருந்து ஓர் ஒடியாக் குழந்தை வந்தாள். தமிழ் ஒரு சொல் தெரியாது. பாடப் புத்தகத்தின் முன் அவள் ஊமை. படக்கதை நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிடுவாள், நரி வருவதை முதலில் பார்ப்பது அவள்தான். அவளிடமிருந்து நாங்கள் நரிக்கு ஒடியாப் பெயர் கற்றுக்கொண்டோம். வகுப்பில் இரண்டு வாரம் நரியை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இந்த ஆண்டு நாங்களே ஒரு புத்தகம் செய்தோம். பழைய தினசரிக் காலண்டர் அட்டையும் மாதக் காலண்டர் தாளின் பின்பக்கமும்தான் மூலப்பொருள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட சமயம், அதனால் கதையும் வாய்க்கால் கதை. ஓர் ஆட்டுக்குட்டி கொப்பு வாய்க்காலை, அதாவது கிளை வாய்க்காலைத் தாண்ட வேண்டும், அம்மா அக்கரையில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்தான். ஒரு பக்கத்தில் குட்டி முன்னங்காலைத் தூக்கியபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் அதற்கு ‘பயப்படுது’ என்றார்கள். "பயந்தா ஓடிப்போயிருக்குமே?" என்றேன். "போலாமா வேண்டாமான்னு நிக்குது" என்றாள் ஒன்றாம் வகுப்புக்காரி. அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று சொல்லி, ‘தயங்கியது’ என்று படத்துக்குக் கீழே எழுதினோம்.

பத்து நாள் கழித்து அவள் அமுச்சி பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங் டீச்சர், சந்தைக்குப் போகப் பஸ் ஏறையில படி ஒசரமா இருந்துச்சுன்னு செத்த நின்னனுங்க. இந்தப் புள்ள, அமுச்சி ஏன் தயங்கறேன்னு கேக்குது. அப்படின்னா என்னதுங்க?"

நான் வாய் திறப்பதற்குள், பின்னால் நின்றிருந்த பேத்தி முன்னால் வந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கீழே தண்ணீர் ஓடுவதுபோல் பார்த்தபடி அப்படியே நின்றாள்.