விதிகளை ஒரே சுற்றில் இயக்கலாமே

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஓர் உரையின் பல சொற்களை மாற்றுவது பற்றிய கட்டுரை, மாற்ற விதிகளை ஓர் அணியில் (array) அடுக்கி, சொல்லைத் தேடி மாற்றும் ரீப்ளேஸ் (replace) ஃபங்ஷனை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கச் சொல்கிறது; அந்த முறை படிக்க எளிதுதான். ஆனால் முந்தைய விதி எழுதிய சொல்லையே அடுத்த விதி மறுபடி பிடித்துக்கொள்ளும் சிக்கலைக் கட்டுரை தொடவில்லை. ‘இடது’, ‘வலது’ இரண்டையும் இடம் மாற்ற முயன்றால், முதல் விதி அனைத்தையும் ‘வலது’ ஆக்கும், இரண்டாவது விதி அவை எல்லாவற்றையும் ‘இடது’ ஆக்கிவிடும். தேடும் சொற்களை ‘அல்லது’ எனப் பொருள்படும் செங்குத்துக் கோட்டால் (|) இணைத்து, எல்லாப் பொருத்தங்களையும் பிடிக்கச் சொல்லும் குளோபல் கொடியுடன் (g) ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக்கி (தேடல் வடிவமாக்கி), மாற்று உரைக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து, பொருந்திய சொல்லுக்குரிய மதிப்பை அது ஒரு மேப்பிலிருந்து (சொல்லையும் அதன் மாற்றையும் இணைத்துவைக்கும் பட்டியலிலிருந்து) எடுத்துத் தருமாறு எழுதினால் இந்தத் தொல்லை எழாது. மாற்று உரையில் டாலர் குறி ($) வந்தாலும் அதற்குச் சிறப்புப் பொருள் ஏற்படாது என்பது (பலர் கவனிக்காத) கூடுதல் நன்மை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இப்படிக் கோட்டால் இணைத்த சொற்களில் ஜாவாஸ்கிரிப்ட் மிக நீளமான பொருத்தத்தைத் தேடுவதில்லை, வரிசையில் முதலில் பொருந்துவதையே ஏற்கிறது. எனவே ‘கல்’ முன்னும் ‘கல்வி’ பின்னும் இருந்தால் ‘கல்வி’ ஒருபோதும் பிடிபடாது. நீளமான சொற்களை முன்னால் வைக்க வேண்டும். வெற்றிடங்களைச் சுருக்கிய பிறகே நிறுத்தக்குறிகளைத் திருத்துவது போல, ஒரு படி முந்தைய படியின் விளைவை வேண்டுமென்றே நம்பியிருக்கும் இடங்களில் கட்டுரையின் சங்கிலி முறையே பொருத்தமானது.